டர்பன்ல பிரான்சைஸ் கடை கட்டுறப்ப எது யார் பொறுப்பு?
சாட்ஸ்வொர்த்ல சிக்கன் கடை பிரான்சைஸ் எடுக்குறேன், கட்டுற பொறுப்பு கம்பெனிக்கா எனக்கான்னு கேட்டிருக்கீங்க தம்பி. பொதுவா லேஅவுட், போர்டு கலர், எந்த அடுப்பு, எந்த பிரையர்ங்கிறதெல்லாம் கம்பெனி சொல்லும், பணம் நீங்கதான் போடணும், முனிசிபாலிட்டி அப்ரூவல், ஹெல்த் சர்டிபிகேட் வாங்குறதும் பெரும்பாலும் உங்க தலையிலதான் விழும். நிறைய பேர் கோட்டை விடுறது எக்ஸ்ஹாஸ்ட் டக்ட்லதான் (கிச்சன் புகையை வெளிய தள்ளுற குழாய்), கம்பெனி பிளான்ல அது வெறும் ஒரு கோடு, ஆனா மால்காரங்க கூரையில ஓட்டை போட விடமாட்டோம்னா மொத்த கிச்சனும் இடம் மாறிடும், அந்த செலவும் உங்களுக்குத்தான், அதனால லீஸ் போடுறதுக்கு முன்னாடியே மால்காரங்க சம்மதத்தை எழுத்துல வாங்கிடுங்க. தென்னாப்பிரிக்காவோட 2008 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, கம்பெனி தன்னோட விவரத்தை எழுதித் தர்ற டிஸ்க்ளோஷர் டாக்குமென்ட், பிரான்சைஸ் ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறதுக்கு 14 நாள் முன்னாடியே உங்க கைக்கு வரணும், கையெழுத்து போட்டப்புறமும் 10 வேலை நாளுக்குள்ள அபராதம் இல்லாம விலகலாம், அது முடியுற வரைக்கும் பில்டருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.