கேள்வி – பதில்: 'லாம்' என்ற இரண்டெழுத்து

எண்ணிக்கை இல்லாத எதிர்க்கட்சி அவையில் எவ்வளவு பேசினாலும் மசோதா நிறைவேறத்தான் போகிறது. அப்புறம் எதற்குக் கேள்வி கேட்டு நேரத்தைச் செலவழிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, பரமக்குடி

நான் இருபத்தாறு வருஷம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பது என் பிழைப்பாகவே இருந்தது. அதனால் உங்கள் கேள்விக்கு ஒரு சொல்லின் கதையைச் சொல்கிறேன்.

1965 ஜனவரி 26-க்குப் பிறகு மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி என்று அரசியல் சட்டம் நாள் குறித்து வைத்திருந்தது. அந்த நாளுக்குப் பிறகும் ஆங்கிலம் வேண்டுமென்றால் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டும். 1959-இல் ஃபிராங்க் ஆன்டனி என்ற ஆங்கிலோ இந்திய நியமன உறுப்பினர், அரசியல் சட்டத்தில் நாட்டு மொழிகளைப் பட்டியலிடும் எட்டாவது அட்டவணையில் ஆங்கிலத்தையும் சேர்க்கச் சொல்லி மக்களவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அந்த விவாதத்தில்தான், ஆகஸ்ட் 7 அன்று, நேரு வாக்குறுதி கொடுத்தார்: ஆங்கிலம் எவ்வளவு காலம் வேண்டும் என்பதை இந்தி பேசாத மக்களே முடிவு செய்யட்டும். அந்த வாக்குறுதியே ஓர் உறுப்பினர் தனியாக எழுந்து கேட்டதால் கிடைத்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

1963 ஏப்ரலில், உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ஆட்சிமொழி மசோதாவைக் கொண்டுவந்தார். 1965-க்குப் பிறகும் இந்தியோடு சேர்த்து ஆங்கிலம் 'தொடர்ந்து பயன்படுத்தப்படலாம்' என்றது மசோதா. ஆங்கில மூலத்தில் 'மே' என்ற சொல். மக்களவையில் அப்போது காங்கிரசுக்கு 361 பேர், தி.மு.க.வுக்கு 7 பேர். அந்த மிகச் சிறிய எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது. 'தொடரலாம்' என்றால் தொடராமலும் போகலாம் என்று நாளைக்கு ஓர் அரசு பொருள் சொன்னால் என்ன செய்வது? இந்த இடத்தில் 'மே' என்பதற்கும், 'கட்டாயம் வேண்டும்' என்று பொருள்படும் 'ஷால்' என்பதற்கும் ஒரே பொருள்தான் என்று நேரு பதில் சொன்னார். பொருள் ஒன்றுதான் என்றால் 'ஷால்' என்றே போட்டுவிடலாமே என்று எதிர்க்கட்சியினர் திருப்பிக் கேட்டார்கள். எவ்வளவு எளிய கேள்வி பாருங்கள். இதைக் கேட்கச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை.

மாநிலங்களவையில் அண்ணா பேசினார். இருக்கிற நிலையே தொடரட்டும், ஆங்கிலம் இருந்தால் வசதியும் சிரமமும் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்பது அவர் வாதம். இந்தியைப் பழித்து அவர் வாதாடவில்லை, நியாயமான பங்கீட்டைக் கேட்டார். எனக்கு அதில் பிடித்தது அந்த நிதானம்.

சரி, என்ன ஆனது? நீங்கள் சொல்கிறபடியேதான் ஆனது. மசோதா 'மே' என்ற சொல்லோடு அப்படியே நிறைவேறியது.

மறு வருஷம் மே 27-இல் நேரு காலமானார். வாக்குறுதி கொடுத்தவர் போய்விட்டார், சட்டத்தில் 'லாம்' மட்டும் நின்றது. அவையில் எழுந்த அச்சம் 1965 ஜனவரியில் தெருவுக்கு வந்தது. மாணவர்கள் போராடினார்கள், உயிர்கள் போயின. சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். 1967-இல் தமிழ்நாட்டில் ஆட்சியே மாறியது. அதே வருஷம் டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது.

திருத்திய சட்டத்தை நான் ஒரு புரூஃப்காரனின் கண்ணோடு படித்திருக்கிறேன். மூன்றாவது பிரிவின் முதல் வரியில் 'மே' இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற இடத்தில் 'ஷால்' வந்துவிட்டது. அந்த ஏற்பாட்டை நிறுத்துவதென்றால் அப்படிப்பட்ட மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும் தீர்மானம் போட வேண்டும் என்று ஐந்தாவது உட்பிரிவு பூட்டு மாட்டியது. 1963-இல் தோற்றுப்போன கேள்விக்கு நான்கு வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. போராட்டமும் தேர்தலும் இல்லாமல் அது கிடைத்திருக்காது என்பது உண்மை. ஆனால் சட்டத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று முதலிலேயே விரல் வைத்துக் காட்டியது அவையில் கேட்ட அந்தக் கேள்வி. விரல் வைத்த இடத்தில்தான் பிறகு தைத்தார்கள்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்கிறார்களே, அது என்ன?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கோவில்பட்டி

அமைச்சர் அவையில் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அச்சில் அதன் மேல் ஒரு நட்சத்திரம் இருக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள்தான் பட்டியலில் இடம்பெறும். எழுத்து மூலம் பதில் பெறும் கேள்விகள் 230 வரை. பதினைந்து நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும். யாருடைய கேள்வி முதலில் என்பது குலுக்கலில் முடிவாகும். அதற்கு ஒதுக்கியது ஒரு மணி நேரம்தான் என்பதால் பெரும்பாலான நாட்களில் இருபதும் வந்து சேராது.

இதில் உயிர்நாடி துணைக் கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை அதிகாரிகள் எழுதிக் கொடுத்துவிடலாம். அதைத் தொட்டு உறுப்பினர் எழுந்து கேட்கும் அடுத்த கேள்வி என்னவென்று அமைச்சருக்கு முன்கூட்டித் தெரியாது. துறையைத் தெரிந்து வைத்திருக்கிறாரா இல்லையா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முந்த்ரா விவகாரம் இப்படிக் கேள்வியில் தொடங்கியதுதான். 1957-இல், புதிதாக அரசுடைமையான எல்.ஐ.சி., ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியிருந்தது. பாலிசிதாரர்கள் மாதா மாதம் கட்டிய பணம் அது. மக்களவையில் அதைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி விவரம் விவரமாக எடுத்துவைத்துப் பேசினார். நீதிபதி சாக்ளா தலைமையில் பகிரங்க விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பெரோஸ் காந்தி எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகன். எதிர்க்கட்சியின் வேலையை அன்று ஆளும் வரிசையிலிருந்தே ஒருவர் செய்தார். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் கட்சியிலும் வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

2020 செப்டம்பரில், கொரோனா காலக் கூட்டத்தொடரில், கேள்வி நேரத்தையே நடத்தவில்லை. எழுத்து மூலப் பதில்கள் மட்டும் வந்தன. துணைக் கேள்விக்கு அங்கே இடமில்லை. பல கோடிப் பேர் வேலையும் கூலியும் இழந்து நின்ற அந்த நேரத்தில் அமைச்சர்களை எழுப்பி நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவையில் புள்ளிவிவரமாக அடுக்கினால் சாதாரண மக்களுக்கு எப்படிப் புரியும்?
– வாசகர், ஆம்பூர்

எந்தக் கணக்கில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1963 ஆகஸ்டில் நேரு அரசின் மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் எதிர்வரிசை உறுப்பினர் கிருபளானி. அந்த வருஷம்தான் இடைத்தேர்தலில் ஜெயித்து வந்திருந்த சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா எழுந்து, இந்த நாட்டில் 27 கோடிப் பேர் ஒரு நாளைக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்றார். அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு; ரூபாயை நூறாகப் பிரித்த நயா பைசா வந்து ஆறு வருஷம் ஆகியும் ஜனங்கள் அணாவில்தான் மனக்கணக்குப் போட்டார்கள். மூன்று அணாவுக்கு என்ன கிடைக்கும் என்று கடைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும்.

பதினைந்து அணா என்று நேரு மறுத்தார். அது மொத்த நாட்டுக்கும் போட்ட சராசரி. பணக்காரர் வருமானத்தையும் கூலிக்காரர் வருமானத்தையும் ஒரே பானையில் கொட்டிக் கலக்கினால் கூலிக்காரர் காணாமல் போய்விடுவார். லோகியா கேட்டது அந்தக் காணாமல் போனவரைப் பற்றி. தீர்மானம் 347-க்கு 62 என்று தோற்றது. ஆனால் ஏழைகளின் வருமானத்தைத் தனியாக எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு அவைக்குள் வந்துவிட்டது.

எங்கள் எம்.பி. அவையில் என்ன கேட்டார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
– சுய உதவிக் குழுத் தலைவி, மணப்பாறை

உண்டு அம்மா. நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் 'கேள்விகள்' என்ற பகுதிக்குப் போய் உறுப்பினர் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவர் கேட்ட கேள்வியும் அமைச்சகம் கொடுத்த பதிலும் வரும். கைப்பேசியிலேயே பார்க்கலாம். பதில் ஆங்கிலத்தில் இருக்கும், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அதோடு, உங்கள் குழுவின் பிரச்சினையைக் கேள்வியாக்கி நீங்களே அவருக்கு அனுப்பலாம். என் அப்பா ஓய்வுபெற்ற பிறகு அவர் வேலை பார்த்த துறையில் பலருக்கு ஓய்வூதிய நிலுவை வராமல் கிடந்தது. 'நடவடிக்கையில் உள்ளது' என்றே மூன்று வருஷம் கடிதம் வந்தது. எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்கு அப்பாவும் நண்பர்களும் ஒரு தபால் போட்டார்கள். அவர் அதை எழுத்து மூலக் கேள்வியாகக் கொடுத்தார். வந்த பதில் நான்கே வரி, எத்தனை பேருக்கு நிலுவை, எந்த அலுவலகத்தில் என்று. அந்தத் தாளை நகல் எடுத்துக்கொண்டு பதினோரு பேர் அந்த அலுவலக வாசலில் போய் நின்றார்கள். இந்த முறை யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

கேள்வியைச் சுருக்கமாக எழுதுங்கள். எத்தனை, எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். 'ஏன் கவனிக்கவில்லை' என்று மட்டும் கேட்டால், 'கவனித்து வருகிறோம்' என்று பதில் வரும்.