ஸ்டெம் செல் ஊசிக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசம் என்கிறார் டாக்டர். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறே மாதத்தில் பேசிவிடுவான் என்று தெரிந்தவர் ஒருவர் ஒரு மையத்தைச் சொல்கிறார். நான்கு லட்சம் ஆகுமாம். நகையை அடகு வைக்கலாமா? - ஒரு தாய், தேனி

வைக்காதீர்கள், சகோதரி. ஆட்டிசத்தைக் குணமாக்கும் ஊசி எதுவும் கிடையாது. ஸ்டெம் செல் என்பது உடம்பின் மற்ற செல்களாக மாறக்கூடிய மூல செல். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்களுக்குச் சொன்னவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று விசாரியுங்கள்.

ஊசி போட்டுப் பேச்சு வந்துவிட்டது என்று அவர்கள் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள். மூன்று, நான்கு வயதில் பல குழந்தைகளுக்குத் தானாகவே நாலு வார்த்தை வரும். ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடும். இதே ஆட்கள் அடுத்து, உடம்பில் பாதரசம் இருக்கிறது, மருந்து ஏற்றி அதை எடுக்கிறோம் என்பார்கள். 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் அந்த மருந்தை ஏற்றும்போதே இறந்துபோனான்.

முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். அப்புறம் வீட்டிலேயே தொடங்கலாம். தண்ணீர் வேண்டுமென்றால் அவன் உங்கள் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுப்பான், இல்லையா? கூடவே போங்கள். டம்ளரை உங்கள் முகத்தருகே பிடித்து, அவன் உயரத்துக்குக் குனிந்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வையோ, ஒரு சத்தமோ, டம்ளரைத் தொடும் விரலோ, எது வந்தாலும் "தண்ணி" என்று சொல்லி உடனே கொடுத்துவிடுங்கள். எதுவும் வராவிட்டாலும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். "சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்து வைத்தால் அழுகைதான் மிச்சம். ஒரு நாளைக்கு இருபது முறை இதற்கு வாய்ப்பு வரும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்க்கிற தெரபிஸ்டுக்கு இது கிடைக்காது.

மருந்தே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வலிப்பு வருவது மற்றவர்களைவிட அதிகம். கண் வெறித்துச் சில நொடி உறைந்துபோவான். கூப்பிட்டாலும் தொட்டாலும் அசைவிருக்காது. தூக்கத்தில் கைகால் வெட்டி வெட்டி இழுக்கும். அப்படி எதையாவது பார்த்தால் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அவர் வலிப்பு மாத்திரை கொடுத்தால், மாத்திரை சாப்பிட்டால் எங்கள் பத்தியம் பலிக்காது என்று எந்த மையம் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பேச்சுப் பயிற்சி அங்கே இலவசம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் எழுதிப் போடுங்கள். அட்டை இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் மருத்துவச் செலவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபி செலவும் அதில் அடங்கும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே ஆட்டிசமும் இருக்கிறது. இருந்தும் இன்றைக்கும், இரைச்சல் தாங்காத பிள்ளையை மணிக்கணக்கில் வரிசையில் நிறுத்தி, டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாங்க என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூன்று முறை அப்படித் திரும்பிப் போன அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்த அம்மாக்கள்தான் கடைசியில் நான்கு லட்சக்காரர்களிடம் போய் நிற்கிறார்கள்.

அட்டை வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். பயிற்சிக்கு அட்டை தேவையில்லை. வருகிற திங்கட்கிழமையே பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.