ரஷ்யப் பீங்கான் பொம்மை: ஜார் காலத்ததா?

கேள்வி: 1980-களில் லெனின்கிராடில் படித்த அப்பா வாங்கி வந்த பீங்கான் பொம்மை ஷோகேஸில் இருக்கிறது. ரோமச் சட்டை போட்ட சிறுமி, கையில் மீன். ஒரு சாண்கூட இல்லை. 'ஜார் காலத்துப் பொருள், லட்சக்கணக்கில் போகும்' என்கிறார் உறவினர். உண்மையா? கழுவலாமா?

பதில்: மேசையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு, பொம்மையை அதில் படுக்கவைத்து அடியைப் பாருங்கள். தூக்கும்போது மீனைப் பிடிக்காதீர்கள், முதலில் உடைவது அதுதான்.

கூரை போல ஒன்று, வட்டத்தின் நடுவே கோடு கிழித்தாற்போல ஒன்று, நம் 3 போல ஒன்று என மூன்று ரஷ்ய எழுத்துகள் பிணைந்திருந்தால் அது லெனின்கிராடின் லொமொனோசோவ் பீங்கான் ஆலை. 1744-இல் அரச ஆலையாகத் தொடங்கியது. இந்த முத்திரை ஜார் ஆட்சி போன பிறகு, 1936-இல்தான் வந்தது. ஆக, ஜாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசி ரஷ்யப் பேரரசரான ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் காலத்துப் பொருளில் கிரீடமும் அவர் பெயரின் முதலெழுத்தும் ஆண்டும் பச்சையில் இருக்கும்.

உறவினர் சொன்னதும் வெறும் கதையல்ல. அதே ஆலையில் 1907 முதல் சிற்பி பாவெல் காமென்ஸ்கி, நிக்கோலாஸின் உத்தரவின்படி பேரரசின் பல இன மக்களை வடித்தார். ஏறக்குறைய ஒரு முழ உயரம். உடையின் தையல்வரை அருங்காட்சியகச் சேகரிப்பை வைத்துச் சரிபார்த்தவை. ஏலத்தில் பெரும் விலை போகிறவை அவைதான். உங்களுடையது சாதாரண வீட்டு அலமாரிக்காக, ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வார்த்த ரகம். விலை அடக்கமாகத்தான் இருக்கும்.

அப்புறம், ரோமத் தொப்பியைக் கண்டதும் 'எஸ்கிமோ' என்று எழுதி விற்கிறார்கள். ரஷ்யாவின் வடக்கே வாழும் யாகுட், சுக்சி, நேனெத்ஸ் எல்லாம் வெவ்வேறு மக்கள். பொம்மையின் ரஷ்யப் பெயர் கிடைத்தால் அதையே எழுதிவையுங்கள்.

கழுவும் முன், கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். கழுத்திலோ கையிலோ ஒரு கோடு தனியாக ஒளிர்ந்தால் யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அப்படியிருந்தால் தண்ணீரே வேண்டாம், மென்மையான பிரஷ் போதும். ஒட்டு இல்லையென்றால், வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரச் சோப்புத் திரவம் கலந்து, பஞ்சால் துடையுங்கள். தங்கப் பூச்சு இருந்தால் தேய்க்காதீர்கள். பிளீச்சிங் கூடவே கூடாது.

முக்கியமாக, முக்கி எடுக்காதீர்கள். உள்ளே பொள்ளல், சூளையில் காற்று வெளியேற விட்ட சிறு துளை பெரும்பாலும் அடியில் இருக்கும். அதன் வழியே தண்ணீர் போய்விட்டால், துளை கீழே பார்க்கும்படி கம்பித் தட்டில் இரண்டு நாள் வைத்துவிடுங்கள்.