முசாஷியே மதிக்காத வெற்றி

கேள்வி: ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி அறுபது சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காதவர். எதிரியை வேண்டுமென்றே காக்கவைத்து, எரிச்சலூட்டி வீழ்த்தியவர். அவருடைய ‘ஐந்து வளையங்கள்’ நூலைப் படித்தால் வியாபாரத்திலும் அப்படியே ஜெயிக்கலாம் என்கிறார் நண்பர். வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: தாராளமாக வாங்குங்கள். நண்பர் அதைப் படிக்கவில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அறுபது என்பது முசாஷியே சொன்ன கணக்குதான். 13 வயதில் முதல் சண்டை. 29 வயதுக்குள் எல்லாம் முடிந்தது. உடனே அடுத்து என்ன எழுதுகிறார்? முப்பது வயதைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, தான் வென்றது கலையில் கரைகண்டதால் அல்ல என்று தெரிந்ததாம். பிறவித் திறமையாக இருக்கலாம், எதிரிகளின் வித்தையில் கோளாறு இருந்திருக்கலாம் என்கிறார். அதன்பின் காலையும் மாலையும் பயின்று, விஷயம் பிடிபட்டபோது வயது ஐம்பது. அறுபதை விளம்பரம் செய்கிறவர்கள் இந்த வரிக்கு வரும்போது மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

காக்கவைத்த கதை, கன்ரியூ தீவில் சசாகி கோஜிரோ என்ற வாள்வீரருடன் மோதியதைப் பற்றியது. முசாஷி 1645இல் இறந்தார். 1654இல் வளர்ப்பு மகன் இயோரி கொகுராவில் நிறுத்திய நினைவுக்கல், இருவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள் என்கிறது. தாமதம் பின்னால் எழுதியவர்களின் கைச்சரக்கு. முசாஷியோ தம் நூலில் கோஜிரோவின் பெயரைக்கூட எடுக்கவில்லை.

வியாபாரத்துக்கு உதவும் பகுதி வேண்டுமென்றால், அவர் தச்சுவேலை பற்றிப் பேசும் இடத்தைப் படியுங்கள். கணு இல்லாத, நேரான, பார்வைக்கு அழகான மரம் வீட்டின் முன்தூணுக்கு. கொஞ்சம் கணு இருந்தாலும் நேராகவும் உறுதியாகவும் இருப்பது பின்தூணுக்கு. உறுதி குறைவு, ஆனால் கணுவில்லாமல் அழகாக இருக்கிறதா? நிலைக்கும் கதவுக்கும் ஆகும். கோணலும் கணுவுமாக இருந்தாலும் வலுவுள்ளதைப் பாரம் விழும் இடம் பார்த்துப் பொருத்த வேண்டும். எதற்கும் ஆகாததைச் சாரம் கட்டப் பயன்படுத்திவிட்டு, பிறகு விறகாக்கலாம். ஆட்களையும் இப்படித்தான் தரம் பார்த்து வேலை கொடுக்க வேண்டும் என்கிறார். உங்கள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எந்த மரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘தோற்காதவர்’ என்கிறீர்களே, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1638இல் ஷிமபாரா கலகத்தை அடக்கப் போன படையில் முசாஷியும் இருந்தார். கோட்டைக்குள் இருந்த கலகக்காரர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அங்கிருந்து வந்த கல் ஒன்று அவர் காலைப் பதம் பார்க்க, நிற்கவே முடியாமல் போனது. கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். எறிந்த ஆள் ‘ஐந்து வளையங்கள்’ படித்திருக்க வழியில்லை. முசாஷி அதை எழுதத் தொடங்கவே இன்னும் ஐந்து வருடம் இருந்தது.