அண்ணனின் துப்பாக்கியை நான் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: சியாட்டில் அருகே எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அண்ணன் அமெரிக்க சிட்டிசன். விவாகரத்துக்குப் பிறகு தனியாக இருக்கிறார். போன மாதம் வேலையும் போய்விட்டது. "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். வீட்டில் கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிவைக்க நினைத்தேன். விசாவில் இருப்பவன் அதைத் தொடவே கூடாது என்று நண்பன் தடுக்கிறான். என்ன செய்வது?

பதில்: உங்கள் நண்பர் தடுத்தது சரிதான். ஆனால் அந்தத் துப்பாக்கி அண்ணன் வீட்டில் இருக்கக் கூடாது என்று உங்களுக்குத் தோன்றியது அதைவிடச் சரி. இந்த வாரமே அது அங்கிருந்து போகவேண்டும்.

முதலில் சட்டம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் தடை போடுகிறது. வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், அதை நம்பி அவசரத்தில் இறங்காதீர்கள். பிறர் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தினாலும் நீங்கள் வைத்திருப்பதாகத்தான் கணக்கு. சிறை 15 ஆண்டு வரை போகலாம், நாடு கடத்தவும் செய்யலாம். உங்கள் மனைவி எச்-4 விசாவில் இருந்தால் அவர் பெட்டியிலும் வைக்க முடியாது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

அதனால் அண்ணனே அதை ஒப்படைக்க வேண்டும். அதற்கு நீங்கள் அவரிடம் நேராகக் கேட்க வேண்டும்: "அண்ணா, தற்கொலை செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" அந்தச் சொல்லை வாயில் எடுப்பதற்கே நம் வீடுகளில் பயம். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. பலருக்கு அது, கடைசியில் ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலாகத்தான் இருக்கும்.

2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் சுமார் 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்திகளில் வரும் கொலைகளைவிட, சத்தமில்லாமல் வீட்டுக்குள் நடக்கும் இந்தச் சாவுகள்தான் அதிகம். உயிரை விடவேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் இருக்கும், பிறகு தணிந்துவிடும். முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி மட்டும் அந்தப் பின்னாளைத் தருவது அரிது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

"உன்னை நம்பவில்லை" என்று அவர் காதில் விழாதபடி பேசுங்கள். "இந்தக் கஷ்டம் தீரும்வரை வெளியே இருக்கட்டும், பிறகு நீயே வாங்கிக்கொள்" என்று சொல்லலாம். சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள், கையில் எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். சிட்டிசனோ கிரீன் கார்டோ உள்ள நண்பரிடம் கொடுப்பதானால் கடை வழியாகக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் கைமாற்றுக்குப் பொதுவாகப் பின்னணிச் சோதனை (வாங்குபவர் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்று பார்ப்பது) வேண்டும். அதற்குள் ஓர் இரவு கழிய வேண்டுமென்றால், அவரைத் தனியே விடாதீர்கள். அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்கள் வீட்டுக்கு அவரை அழைத்து வாருங்கள், துப்பாக்கி இல்லாமல்.

அவர் மறுத்தால்? 2016-இல் வாஷிங்டன் வாக்காளர்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருக்கிறது. தம்பி என்ற முறையில் நீங்கள் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம், அதற்கு சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. நீதிபதி ஏற்றால் துப்பாக்கியை ஒப்படைக்க உத்தரவாகும். முழு உத்தரவு ஓராண்டு நீடிக்கும். இது குற்ற வழக்கு அல்ல. அண்ணன் கோபப்படலாம், சில மாதம் பேசாமலும் இருக்கலாம். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழைக்கலாம். அவருக்காக நீங்களும் அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அவர் இப்போதே ஏதாவது செய்துகொள்வார் என்று தோன்றினால் 911-ஐ அழையுங்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பதையும், அவர் தற்கொலை எண்ணத்தில் இருப்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஊரில் அம்மாவிடம் சொல்வது பிறகு இருக்கட்டும். வேலை போனதால் மருத்துவக் காப்பீடும் போயிருக்கலாம். மாநில அரசின் காப்பீட்டில் அவர் சேர முடியுமா என்று பார்த்து, மனநல மருத்துவரிடம் முதல் தேதியை நீங்களே வாங்குங்கள். அன்று அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு போங்கள்.