டிரெய்லர் கன்வெர்ட்டரை மாற்றும்போது: ஒரே பெட்டிக்குள் இரண்டு கறுப்பு ஒயர்

கேள்வி: என் டிராவல் டிரெய்லர் (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) 30 ஆம்பியர் இணைப்பு கொண்டது. முகாம் மைதானத்தில் டிரெய்லர்களுக்கு மின்சாரம் தரும் மின்கம்பத்தில் செருகினால் ஏசியும் மைக்ரோவேவும் ஓடுகின்றன. ஆனால் இரண்டாம் நாளே விளக்குகள் மங்கிவிடுகின்றன, பேட்டரி 11.8 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஃபியூஸ் பெட்டியோடு சேர்ந்து அமைந்த 55 ஆம்பியர் கன்வெர்ட்டர். புதியது வாங்கி நானே பொருத்தலாமா? உள்ளே இரண்டு பக்கமும் கறுப்பு, வெள்ளை ஒயர்களே இருப்பது குழப்புகிறது. அடுத்து லித்தியம் பேட்டரிக்கு மாறும் எண்ணமும் உண்டு.

பதில்: பொருத்தலாம். ஆனால் பணத்தை எடுக்கும் முன், கெட்டது கன்வெர்ட்டர்தானா என்று பாருங்கள். நல்ல கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டபின்னும் விளக்கு மங்குவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. ஏசியும் மைக்ரோவேவும் 120 வோல்ட்டில் நேராக ஓடுபவை. அவை ஓடுவதால், வெளி மின்சாரம் உள்ளே வருகிறது என்பது மட்டுமே தெரிகிறது. விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டரின் விசிறி, ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டு போர்டு ஆகியவை 12 வோல்ட்டில் ஓடுபவை. வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டை அந்த 12 வோல்ட்டாக்கித் தருவதும் பேட்டரியை நிரப்புவதும்தான் கன்வெர்ட்டரின் வேலை.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, மின்கம்பத்தில் செருகியபடியே பெட்டியின் 12 வோல்ட் பக்கத்தில் பாசிட்டிவ், நெகட்டிவ் லக்குகளுக்கு (தடித்த ஒயரை ஸ்க்ரூ வைத்து இறுக்கும் முனைகள்) இடையே அளந்து பாருங்கள். 13.2 முதல் 14.4 வரை எதுவானாலும் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. 12.6-க்குக் கீழே இருந்தால் நீங்கள் அளப்பது பேட்டரியை மட்டுமே. விசிறி சுற்றவில்லை என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான மாடல்களில் சூடோ சுமையோ ஏறினால்தான் அது சுற்றும்.

லக்கில் வோல்ட் சரியாக இருந்து பேட்டரி முனையில் மட்டும் குறைந்தால் பழி நடுவழியில் இருக்கிறது. பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சு, முன்பக்க இழுவைச் சட்டத்தில் இருக்கும் தானே மீளும் சிறு பிரேக்கர், அதன் துருப்பிடித்த நட்டு ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். மழையும் சேறும் படும் இடம் என்பதால் அந்தப் பிரேக்கர் உள்ளேயே அரித்துப் போகும். ஆனால் உங்களுக்கு மின்கம்பத்தில் செருகியிருக்கும்போதே விளக்கு மங்குகிறது. எனவே கோளாறு பெட்டியிலேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியவை, மற்ற ஃபியூஸ்களிலிருந்து தள்ளி தனியே ஜோடியாக நிற்கும் பெரிய ஃபியூஸ்கள். பேட்டரியை ஒரு நொடி தலைகீழாக இணைத்தாலும் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற இவை எரிந்துவிடும். அதன்பின் கன்வெர்ட்டர் நன்றாக இருந்தாலும் வெளியே எதுவும் வராது. பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியதா என்று யோசியுங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கழற்றி மீட்டரில் தொடர்ச்சி (அதன் வழியே மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்று) பாருங்கள். எரிந்திருந்தால் போர்டில் அச்சிட்டுள்ள அதே ஆம்பியரில் மாற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஃபியூஸ் சரி, கன்வெர்ட்டருக்கான பிரேக்கரில் 120 வோல்ட்டும் இருக்கிறது, ஆனாலும் வெளியீடு இல்லை என்றால் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

பெட்டி முழுவதையும் பிடுங்க வேண்டியதில்லை. இவ்வகைப் பெட்டிகளில் கன்வெர்ட்டர் இருக்கும் கீழ்ப் பகுதியையும் 12 வோல்ட் ஃபியூஸ் போர்டையும் மட்டும் மாற்றலாம். உதாரணமாக, டபிள்யூஎஃப் 8955 என்ற மாடல் பெட்டிக்குள் புரோகிரெசிவ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பிடி 4655 கன்வெர்ட்டர் பொருந்தும். வாங்கும் முன் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் உள் அளவுகளையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆம்பியரைக் கூட்டும் ஆசை தேவையில்லை. 55 ஆம்பியர் கொண்ட கன்வெர்ட்டரே முழு வேகத்தில் 120 வோல்ட் பக்கம் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏசியும் ஓடும் 30 ஆம்பியர் இணைப்பில் அது சிறிய பங்கல்ல.

இனி உங்களைக் குழப்பிய நிறங்களுக்கு வருவோம். அமெரிக்க முறையில் 120 வோல்ட் பக்கம் கறுப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது உறையற்ற செம்பு எர்த். டிரெய்லரின் 12 வோல்ட் பக்கத்தில் பெரும்பாலும் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கார் வேலை பழகியவர் கறுப்பைக் கண்டதும் நெகட்டிவ் என்று மாட்டுவார், மேலே சொன்ன ஜோடி ஃபியூஸ்கள் அப்போதுதான் எரியும். சில டிரெய்லர்களில் சிவப்பும் வரும். ஆகவே நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். 12 வோல்ட் கறுப்பை 120 வோல்ட் பிரேக்கரிலோ, நெகட்டிவ் வெள்ளையை நியூட்ரல் பட்டையிலோ மாட்டிவிட்டால் ஃபியூஸோடு நிற்காது. தீப்பிடிக்கலாம், உயிரும் போகலாம்.

கழற்றும் முன் வெளிச்சத்தில் நாலைந்து படங்கள் எடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி, எந்த ஃபியூஸில் இருந்தது, எத்தனை ஆம்பியர் என்று எழுதுங்கள். பிறகு வெளி மின் கேபிளைக் கம்பத்திலிருந்தே உருவிவிடுங்கள். பிரேக்கரை அணைத்தால் போதாது, ஏனென்றால் பிரேக்கருக்கு வரும் ஒயரில் அப்போதும் மின்சாரம் இருக்கும். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் இருந்தால் அவற்றையும் நிறுத்துங்கள். சோலார் பலகையை அதன் கன்ட்ரோலரிலிருந்து பிரியுங்கள். பேட்டரியில் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் வடிய ஐந்து நிமிடம் விடுங்கள். இரண்டு பக்கத்திலும் சுழியம் என்று மீட்டர் காட்டிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

புதிய பகுதியின் கறுப்பு ஒயர் பழையது இருந்த அதே 15 ஆம்பியர் பிரேக்கருக்கும், வெள்ளை நியூட்ரல் பட்டைக்கும், பச்சை எர்த் பட்டைக்கும் போகும். நியூட்ரல் பட்டையும் எர்த் பட்டையும் டிரெய்லருக்குள் ஒன்றோடொன்று தொடக் கூடாது. அவை இணையும் இடம் வெளியே, மின்சாரம் தொடங்கும் இடத்தில். உள்ளேயும் இணைத்துவிட்டால் நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் ஒயரிலும் டிரெய்லரின் உலோக உடலிலும் ஓடும். கம்பத்தில் எர்த் தொடர்பு விட்டுப்போனால் கதவுப் பிடியைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். வீட்டுப் பெட்டியில் இரண்டும் ஒரே பட்டையில் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். கன்வெர்ட்டரின் உலோக உடலிலிருந்து சேசிஸுக்குப் போகும் தடித்த செம்புக் கம்பியையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்க மின் விதிப்படி அது குறைந்தது 8 கேஜ் இருக்க வேண்டும் (கேஜ் என்பது ஒயரின் தடிமன் அளவு, எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்).

12 வோல்ட் பக்கத்தில் ஃபியூஸ் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் டேப் எழுத்தும் காப்பாற்றாது. பேட்டரி ஒயர்களை மாட்டுவதற்கு முன் அவற்றின் முனைகள் எதையும் தொடாதபடி விலக்கி வைத்து, பேட்டரி நெகட்டிவை ஒரு நிமிடம் இணைத்து மீட்டர் வையுங்கள். சிவப்பு முள் தொடும் ஒயர் பாசிட்டிவ் என்றால் எண் அப்படியே வரும், கழித்தல் குறி வந்தால் நேர்மாறு. மறுபடி நெகட்டிவைக் கழற்றிவிட்டு லக்குகளில் முறுக்குங்கள். பல இழை ஒயரில் ஒரு இழைகூட வெளியே பிதுங்க விடாதீர்கள், முறுக்கிய பின் இழுத்துப் பாருங்கள். இந்த வேலைக்குப் பின் வரும் கோளாறுகளில் லூஸ் கனெக்‌ஷன்தான் முக்கியமானது. அது சூடாகி, உறை கருகி, பிளாஸ்டிக் உருகிய பிறகே கண்ணில் படும். சாலை அதிர்வில் ஸ்க்ரூக்கள் தளர்வதால் முதல் பயணம் முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள்.

மூடி போட்டு, பேட்டரி நெகட்டிவை இணையுங்கள். சிறு பொறி பறந்தால் பயப்பட வேண்டாம், கெபாசிட்டர் நிரம்புகிறது. பிறகு கம்பத்தில் செருகுங்கள். காலியான பேட்டரி இருந்தால் பிடி 4655 போன்ற பல கட்ட கன்வெர்ட்டர் 14.4-ஐ நோக்கிப் போகும், நிரம்ப நிரம்ப 13.6-க்கும், ஓய்வில் 13.2-க்கும் இறங்கும். இப்போது கன்வெர்ட்டர் லக்கில் ஒன்று, பேட்டரி முனையில் ஒன்று என இரண்டு அளவு எடுங்கள். சார்ஜ் வேகமாக ஏறும் நேரத்தில் இடைவெளி ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ஒயர் மெல்லியது அல்லது இணைப்பு தளர்ந்தது. பேட்டரி இருபது அடி தள்ளி இருந்தால் போகவர நாற்பது அடி. 55 ஆம்பியர் ஓடும்போது 8 கேஜ் செம்பு ஒயரில் சுமார் 1.4 வோல்ட் வீணாகும், 6 கேஜில் 0.9, 4 கேஜில் 0.55. 8 கேஜின் இழப்பில் 14.4 என்பது பேட்டரிக்கு 13 ஆகவே போய்ச் சேரும். கன்வெர்ட்டரை மாற்றியும் பேட்டரி நிரம்பவில்லை என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருப்பது உண்டு.

லித்தியம் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. ஈய அமில பேட்டரி சிறிது நேரத்தில் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியமோ ஏறக்குறைய நிரம்பும் வரை கன்வெர்ட்டர் தருவதை எல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். ஒயரும் பிரேக்கரும் மணிக்கணக்கில் முழுச் சுமை சுமக்க வேண்டும். 50 ஆம்பியர் தானே மீளும் பிரேக்கர் விழுந்து விழுந்து எழும். எனவே லித்தியத்துக்கு மாறுவது உறுதி என்றால் இப்போதே 14.4 முதல் 14.6 வரை தரும் லித்தியம் மாடலை வாங்கி, அதோடு ஒயரையும் பிரேக்கரையும் பெரிதாக்குங்கள். பழைய ஈய அமில பேட்டரியே ஓராண்டு ஓடும் என்றால் லித்தியம் மாடல் வேண்டாம். எப்போதும் 14.6-ல் நிற்கும் கன்வெர்ட்டர் ஈய அமில பேட்டரியின் நீரை வற்றவைத்துவிடும்.

இவ்வளவும் முடிந்து டிரெய்லரை வண்டியில் பூட்டும் முன் ஒன்று பாக்கி. பேட்டரி முனையில் மெல்லிய ஒயர் ஒன்று தனியாக இருந்திருக்கும். டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுவிட்டால் பிரேக் பிடிக்கவைக்கும் அவசர சுவிட்சின் ஒயர் அது. மற்ற ஒயர்களை மாட்டும் மும்முரத்தில் விடுபடுவது இதுதான். அதை பேட்டரியில் மாட்டி, சுவிட்சின் ஊசியை ஒரு கணம் உருவி, சக்கரம் இறுகிப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே திரும்பச் செருகுங்கள்.