புதுப்பித்த 1966 பான்டியாக் ஜிடிஓ என்ற பழைய அமெரிக்கக் கார் விற்பனைக்கு வந்திருக்கிறது. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பளபளக்கும் பெயிண்டைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கீல் இருக்கும் தூணில் உள்ள, வண்டியின் அடையாள எண் (VIN) பொறித்த தகட்டைப் படியுங்கள். 1966-இல் ஜிடிஓ தனி மாடலாகிவிட்டது. அதனால் எண் 242 என்று தொடங்க வேண்டும். 237 என்றால் அது லெமான்ஸ், அதே பான்டியாக்கின் வேறொரு மாடல். பிற்பாடு யாரோ சின்னங்களை மாட்டி ஜிடிஓ ஆக்கியிருக்கிறார்கள். (1964, 65 வண்டிகளில் இந்தச் சோதனை உதவாது. அப்போது ஜிடிஓ என்பது லெமான்ஸுக்குக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்பு மட்டுமே.)

சரி, எண் பொருந்துகிறது. அப்புறம்? பழைய பான்டியாக் வண்டிகளின் ஆவணங்களை வைத்திருக்கும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் அந்த எண்ணைக் கொடுத்தால், தொழிற்சாலை போட்ட பில்லின் நகல் கிடைக்கும். 389 கன அங்குல எஞ்சினுக்கு ஒரே கார்புரேட்டரா (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி), மூன்றா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மூன்று என்றால் 360 குதிரைத்திறன், விலையும் ஏறும். அந்தக் காகிதம் இல்லாமல் அந்த விலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கடைசியாக, துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு விட்டு நழுவுகிற இடத்தில் பெயிண்டுக்கு அடியில் இருப்பது இரும்புத் தகடு அல்ல, பள்ளத்தை மூடப் பூசிய பட்டி (putty). டிக்கியின் தரைவிரிப்பையும் தூக்கிப் பாருங்கள். பின்கண்ணாடி வழியாகக் கசியும் தண்ணீர் அங்கேதான் தேங்கித் துருவாகும்.